வடக்குக்குச் சரக்கு: பனிச்சாலையா, நிரந்தரச் சாலையா, விமானமா, வான்கப்பலா?

"இருநூறு மீட்டர் நீளத்தில் வான்கப்பல் வரப்போகிறதாமே, அப்புறம் எதற்கு ஆளில்லாத காட்டில் ரோடு போட்டுக் காசைக் கரைக்கிறார்கள்?" கனடாவில் இருக்கும் வாசகர்கள் சிலர் இப்படிக் கேட்கிறார்கள். (வான்கப்பல் என்பது காற்றைவிட லேசான வாயுவை நிரப்பி மிதக்கவிட்டு, இன்ஜினால் ஓட்டும் பெரிய ஊர்தி.) வேறு சிலரோ ஹைட்ரஜன் நிரப்பிய ஜெர்மன் வான்கப்பல் ஹிண்டன்பர்க் 1937-ல் எரிந்த படத்தை நினைவூட்டி, "அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்" என்கிறார்கள். இரண்டு தரப்பும் தவறான இடத்தில் மல்லுக்கட்டுவதாகத்தான் எனக்குப் படுகிறது. வான்கப்பல் பிழைக்குமா என்பது நெருப்பால் முடிவாகப் போவதில்லை. சரக்கை இறக்கிய மறுநிமிடம் என்ன நடக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

கனடாவின் வடக்கை வைத்து இதைப் பார்க்கக் காரணம், வான்கப்பலுக்கு இதைவிடச் சாதகமான களம் கிடைப்பது கஷ்டம். வடகோடி ஆட்சிப்பகுதியான நுனாவுட்டின் 25 ஊர்களில் ஒன்றுக்குக்கூட வெளியிலிருந்து சாலை கிடையாது. ஒன்ராறியோ, மானிட்டோபா மாகாணங்களின் வடபகுதியில் முதற்குடி மக்களின் ஊர்கள் பலவற்றுக்கு, ஏரிகளும் சதுப்பும் உறைந்து கிடக்கும் சில வாரங்கள் மட்டும்தான் லாரி போகும். அந்த வாரங்களும் குறைந்துகொண்டே வருகின்றன. 2024 பிப்ரவரியில் மானிட்டோபாவின் ஐலண்ட் லேக் பகுதியில் உள்ள நான்கு ஊர்கள், பனிச்சாலை சரியாக உறையாததால் அவசரநிலை அறிவித்தன. இங்கேயே வான்கப்பல் எடுபடாவிட்டால் வேறெங்கும் எடுபடாது.

## எதை வைத்து அளப்பது

கிடங்கிலிருந்து கிடங்குவரை டன்னுக்கு என்ன ஆகும் என்பது முதல் கேள்வி. வருடத்தில் எத்தனை நாள் நம்பி இருக்கலாம் என்பது இரண்டாவது. மூன்றாவது, பிரிக்க முடியாத ஒற்றைப் பொருளாக எவ்வளவு எடை போகும்: ஊருக்கு மின்சாரம் தரும் டீசல் ஜெனரேட்டரைத் துண்டு போட்டு அனுப்ப முடியாது. நான்காவது, முதல் போடுவது யார், திட்டம் படுத்துவிட்டால் கையில் மிஞ்சுவது என்ன.

ஐந்தாவது, திரும்பும் பயணம். லாரி காலியாகத் திரும்பினால் டீசல்தான் வீண். வான்கப்பல் காலியாகத் திரும்பவே முடியாது. ஒப்பீடுகள் பெரும்பாலும் இந்த ஐந்தாவதைத் தொடாமலே முடிந்துவிடுகின்றன.

## பனிச்சாலை

வடமேற்கு ஆட்சிப்பகுதியின் தலைநகர் யெல்லோநைஃப் அருகிலிருந்து வடகிழக்கே வைரச் சுரங்கங்களுக்குப் போகும் டிபிட் – கான்ட்வாய்ட்டோ பனிச்சாலைதான் இந்த வகையில் மிகப் பெரியது. சுமார் 400 கி.மீ. தூரம், அதில் பெரும்பகுதி உறைந்த ஏரிகளின் மேல். பிப்ரவரி தொடங்கி எட்டுப் பத்து வாரம் ஓடும். ரேடாரை இழுத்துப்போய்ப் பனிக்கட்டியின் கனத்தை அளப்பார்கள். மெலிந்த இடத்தில் தண்ணீர் பாய்ச்சி உறையவிட்டுக் கனம் ஏற்றுவார்கள். முழு பாரம் ஏற்றிய டேங்கர் போக ஒரு மீட்டர் அளவுக்குக் கனம் வேண்டும்.

சுமை லாரிக்கு ஏரி மேல் வேகம் மணிக்கு 25 கி.மீ. மட்டுமே. லாரியின் பாரத்தில் பனிக்கட்டி சற்றே வளைந்து, அடியில் இருக்கும் தண்ணீரில் ஓர் அலை எழும்பும். வேகம் கூடினால் அந்த அலை கரையில் மோதித் திரும்பி, பனியைக் கீழிருந்து உடைத்துவிடும். அதனால்தான் லாரிகளைச் சிறு சிறு குழுவாக, இடைவெளி விட்டு அனுப்புகிறார்கள்.

டன் கணக்குக்கு இதை அடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. 2007-ல் ஒரே பருவத்தில் ஏறத்தாழ 11,000 லாரிச் சுமை, 330,000 டன் சரக்கு போனது. அதற்கு முந்தைய ஆண்டு கதை வேறு. 2006-ல் குளிர் போதாமல் சாலையைச் சீக்கிரமே மூட வேண்டி வந்தது. போகாமல் நின்ற சரக்கை வானவழியே அனுப்ப வேண்டியதாயிற்று.

இங்கே ஒளிந்திருக்கும் செலவு இருப்புச் செலவுதான். வருடம் முழுக்க வேண்டிய டீசலையும் சிமெண்டையும் உதிரிப்பாகத்தையும் இரண்டே மாதத்தில் வாங்கி, தொட்டியும் கிடங்கும் கட்டி அடைத்துவைக்க வேண்டும். பத்து மாதம் கழித்துத் தேவைப்படும் பொருளுக்கு இன்றே காசு கட்டியாக வேண்டும். சுரங்கக் கம்பெனி தாங்கும். ஐந்நூறு பேர் வாழும் ஊரின் மளிகைக் கடை அதை விலையில்தான் ஏற்றும்.

## நிரந்தரச் சாலை

இனுவிக் – டுக்டோயாக்டுக் நெடுஞ்சாலை 2017 நவம்பர் 15-ல் திறந்தது. நீளம் 138 கி.மீ. சொச்சம், செலவு சுமார் 300 மில்லியன் கனடிய டாலர், அதாவது கிலோமீட்டருக்கு இரண்டு மில்லியனுக்கு மேல். நிலத்தடி உறைபனி கரையாமல் இருக்க வேண்டும் என்பதால் மண்ணை வெட்டவே கூடாது. துணி விரித்து மேலே சரளை கொட்டி உயர்த்திக்கொண்டே போக வேண்டும். வேலையும் பெரும்பாலும் குளிர்காலத்தில்தான். அத்தனை கவனமாகப் போட்டும் அங்கங்கே சாலை உட்காருகிறது, பராமரிப்புக்கு முடிவில்லை. வடமேற்கு ஆட்சிப்பகுதியில் வாட்டி என்னும் ஊருக்கு 97 கி.மீ. சாலை 2021-ல் திறந்தது. கட்டுமானத்தோடு 25 ஆண்டுப் பராமரிப்பும் சேர்த்து அதன் ஒப்பந்தம் சுமார் 411 மில்லியன் டாலர்.

தொகையைக் கேட்டால் தலை சுற்றத்தான் செய்யும். ஆனால் சாலை சரக்கோடு நிற்பதில்லை. பிரசவத்துக்குப் போகிறவர், பள்ளிக்கூடம் போகும் பிள்ளை, பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குப் போகும் குடும்பம் எல்லோரும் அதில் போவார்கள். போட்ட கம்பெனி மூடிப்போனாலும் சாலை அங்கேயே கிடக்கும். நாலாவது அளவுகோலில் இதற்கு இணை கிடையாது.

சிக்கல் தூரத்தில் இருக்கிறது. நூறு கிலோமீட்டர் என்றால் யோசிக்கலாம். நானூறு, ஐந்நூறு என்று போனால், அதுவும் ஒரே சுரங்கத்துக்காக என்றால், கணக்கு ஒப்பேறாது. டயாவிக் வைரச் சுரங்கம் 2003-ல் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் ஆயுள் 2026-ல் முடிவதாகத் திட்டமிடப்பட்டது. இருபது சொச்சம் வருடத்துக்காக யார் நானூறு கிலோமீட்டர் சரளை கொட்டுவார்கள்?

தண்டவாளமும் இதே ரகம்தான். ஹட்சன் விரிகுடாவில் உள்ள சர்ச்சில் நகருக்குப் போகும் ரயில்பாதையை 2017 மே மாத வெள்ளம் அரித்துப்போட்டது. மறுபடி ரயில் ஓட ஒன்றரை வருடம் ஆனது.

## விமானம்

ஊர்க்காரர்களுக்கு இன்று வருடம் முழுக்கக் கைகொடுப்பது இது ஒன்றே. பாலும் காய்கறியும் மருந்தும் இதில்தான் வருகின்றன. ஹெர்குலிஸ் ரகச் சரக்கு விமானம் ஒரு நடைக்கு ஏறத்தாழ 20 டன் கொண்டுபோகும். ஆனால் பல ஊர்களில் இருப்பது ஒரு கிலோமீட்டர் சொச்சம் நீளமுள்ள சரளை ரன்வே. பழைய போயிங் 737-200 விமானத்தில் முன் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு தடுப்புத் தகடும், இன்ஜினுக்கு முன்னால் காற்றைப் பீய்ச்சும் குழாயும் பொருத்தி, கல் உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டு சரளையில் இறக்கினார்கள். புதிய 737-களில் இன்ஜின் பெரிதாகித் தரையை ஒட்டித் தொங்குவதால் அந்த வித்தை பலிக்காது. பழைய விமானங்கள் ஒவ்வொன்றாக ஓய்வுபெறுகின்றன. ஆக, விமானம் என்று முடிவெடுத்தால் ரன்வேயை நீட்டும் செலவும் பின்னாலேயே வரும். டிக்கெட் விலையிலும் சரக்குக் கட்டணத்திலும் இது தெரியாது. அரசு பட்ஜெட்டில் தெரியும்.

கடலோர ஊர்களுக்குக் கோடையில் கப்பல் வருகிறது. ஜூலையிலிருந்து அக்டோபர்வரை, அதிலும் சில நடைகள் மட்டுமே. நுனாவுட்டின் மின்சாரத்துக்கான டீசல் முழுக்க இப்படித்தான் வந்து சேர்கிறது. கடலோர ஊர் என்றால் கனச் சரக்குக்கு வேறு எதையும் யோசிக்க வேண்டாம். உள்நாட்டு ஊருக்கு அது பயன்படாது என்பதால் இதோடு விட்டுவிடலாம்.

## வான்கப்பல்

முதலில் அதன் பலம். ரன்வே வேண்டாம், சாலை வேண்டாம், உறைபனியும் வேண்டாம். பிரான்சின் ஃப்ளையிங் வேல்ஸ் நிறுவனம் வடிவமைக்கும் எல்சிஏ60டி, 200 மீட்டர் நீளம், 60 டன் சுமை, மணிக்குச் சுமார் 100 கி.மீ. வேகம். பிரெஞ்சு வனத்துறைக்காக மலைக்காட்டு மரங்களைத் தூக்கும் யோசனையில் பிறந்த திட்டம் இது. கியூபெக் அரசு 30 மில்லியன் டாலர் போடுவதாக 2019-ல் அறிவித்தது. காற்றாலை இறக்கை, கட்டி முடித்த வீடு, பெரிய ஜெனரேட்டர் போன்றவற்றை முழுசாகக் கொண்டுபோய் இறக்கலாம் என்பதுதான் விற்பனைப் பேச்சு. மூன்றாவது அளவுகோலில் லாரியையும் விமானத்தையும் இது மிஞ்சும், பறந்தால்.

குளிரும் கொஞ்சம் உதவுகிறது. மைனஸ் 40 டிகிரியில் காற்று அடர்த்தி கூடுவதால், அதே கொள்ளளவுள்ள பையை நிறைத்தால் சாதாரண நாளைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாகத் தூக்கும். மானிட்டோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் பாரி ப்ரென்டிஸ் இருபது வருடத்துக்கு மேலாக, கனடாவின் வடக்குக்கு வான்கப்பல்தான் தீர்வு என்று சலிக்காமல் சொல்லிவருகிறார். அவர் வாதத்தில் சாரம் உண்டு.

இப்போது மறுபக்கம். ஒரு கன மீட்டர் ஹீலியம் ஏறத்தாழ ஒரு கிலோ எடையைத் தூக்கும். அறுபது டன் சரக்கோடு காற்றில் சமனாக நிற்கும் கப்பலிலிருந்து அந்த அறுபது டன்னை இறக்கினால் என்ன ஆகும்? ஒரு தட்டிலிருந்து படிக்கல்லை எடுத்த தராசுதான். விர்ரென்று மேலே போகும். போகாமல் இருக்க, இறக்கும்போதே அதே அளவு எடையை ஏற்ற வேண்டும். வழக்கமான பதில் தண்ணீர். மைனஸ் 40-ல் அறுபதாயிரம் லிட்டர் தண்ணீருக்கு எங்கே போவது? ஏரியில் ஒரு மீட்டர் பனிக்கு அடியில் இருக்கிறது. துளை போட்டு, பம்ப் வைத்து, குழாய் உறையாமல் சூடேற்றி, கப்பலின் தொட்டியிலும் உறையாமல் காக்க வேண்டும். முடியாத காரியம் இல்லை. ஆனால் "எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம்" என்ற பேச்சு அதோடு போயிற்று: தண்ணீரும் பம்பும் ஆளும் தயாராக இருக்கும் இடத்தில்தான் இறங்கலாம்.

ஆகவே திரும்பும் சரக்கு உள்ள இடம்தான் வான்கப்பலுக்கு உகந்தது. சுரங்கத்துக்கு டீசல் கொண்டுபோய்த் தாதுவை ஏற்றித் திரும்பினால் சமன் தானாக அமைந்துவிடும். (வைரச் சுரங்கம் இதற்கு உதவாது, ஒரு வருட வைரத்தை ஒரு சிறிய விமானம் கொண்டுவந்துவிடும்.) ஊர்களிலிருந்து திருப்பி எடுத்துவரச் சரக்கு குறைவு. ஓட்டை லாரி, பழைய பேட்டரி, இரும்புக் கழிவு என்று வெளியேற்ற வழியில்லாமல் குவிந்து கிடப்பவற்றை ஏற்றிவரலாம் என்பது நல்ல யோசனைதான். அதுவும் சில வருடத்தில் தீர்ந்துவிடும்.

காற்றைவிடச் சற்றுக் கனமாக இருக்கும் கலப்பு வகைகளும் உண்டு. பிரிட்டனின் ஏர்லாண்டர் 10 அந்த ரகம்: தூக்கும் விசையில் ஒரு பகுதியை ஹீலியமும் மிச்சத்தை இறக்கைபோல் வளைந்த உடலும் தருகின்றன. தண்ணீர்த் தொல்லை குறையும். பதிலுக்கு, பாரத்தோடு எழும்ப ஓடுவதற்குத் திறந்தவெளி வேண்டும்.

அடுத்தது காற்றும் பனியும். யெல்லோநைஃபிலிருந்து சுரங்கம் வான்வழியே சுமார் 300 கி.மீ. என்று வையுங்கள். அமைதியான நாளில் மூன்று மணி நேரம். மணிக்கு 40 கி.மீ. எதிர்காற்று அடித்தால் ஐந்து மணி நேரம். ஜெட் விமானத்துக்கு அதே காற்று சில நிமிட வித்தியாசம். பிரிட்டனின் ஆர்100 வான்கப்பல் 1930-ல் கனடாவுக்கு வந்தபோது அட்லாண்டிக்கைக் கடக்க 78 மணி நேரத்துக்கு மேல் ஆனது. திரும்பும்போது காற்று பின்னாலிருந்து தள்ள, 57 மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. வரும் வழியில் கியூபெக் அருகே புயலில் வால் துடுப்பின் துணி கிழிந்ததும் நடந்தது.

200 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம் உள்ள உடலை மேலிருந்து பார்த்தால் 7,800 சதுர மீட்டர். அதன்மேல் ஒரு சென்டிமீட்டர் புதுப்பனி விழுந்தாலே ஏழெட்டு டன். சரிவில் பாதி வழுக்கி விழுந்தாலும் மிச்சம் சுமைக் கணக்கில் கைவைக்கும். கொட்டகைக்குள் வைக்கலாமே என்றால், அதற்கும் ஒரு வரலாறு உண்டு. ஜெர்மனியின் கார்கோலிஃப்டர் நிறுவனம் 160 டன் தூக்கும் கப்பலுக்காக, பெர்லினுக்குத் தெற்கே பிராண்ட் என்ற இடத்தில் 360 மீட்டர் நீளம், 107 மீட்டர் உயரத்தில் கொட்டகை கட்டியது. கப்பல் கட்டப்படவேயில்லை. 2002-ல் நிறுவனம் திவாலானது, பல்லாயிரம் சிறு முதலீட்டாளர்களின் பணம் போனது. கொட்டகைக்குள் இப்போது மணலும் பனைமரமும் நீச்சல்குளமுமாக உல்லாச விடுதி நடக்கிறது. முதல் போட்டால் எது மிஞ்சும் என்ற கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான பதில் வேண்டுமா?

கனடாவிலேயே நடந்ததும் உண்டு. வட கியூபெக்கில் அரிய மண் தனிமங்களைத் தோண்ட நினைத்த க்வெஸ்ட் ரேர் மினரல்ஸ், லாக்ஹீட் மார்ட்டின் வடிவமைத்த 20 டன் கலப்பு வான்கப்பல்கள் ஏழினைப் பத்தாண்டுக்கு எடுக்க 2016-ல் ஒப்பந்தம் பேசியது. கப்பலும் வரவில்லை, 2017-ல் அந்தக் கம்பெனியே கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கோரி மனுப் போட்டது.

ஹீலியம் இயற்கை எரிவாயுவிலிருந்து பிரித்தெடுக்கும் பொருள். அமெரிக்காவும் கத்தாரும்தான் பெரிய உற்பத்தியாளர்கள். எம்ஆர்ஐ இயந்திரங்களும் சிப் தொழிற்சாலைகளும் அதே சரக்குக்குக் காத்திருக்கின்றன. ஹைட்ரஜன் மலிவு, தூக்கும் கொஞ்சம் அதிகம், ஆனால் கனடாவின் தகுதி விதிகள் அதை ஏற்பதில்லை.

நெருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 1937 மே 6-ல் ஹிண்டன்பர்க் விபத்தில் இறந்தவர்கள் 36 பேர். அதற்கு நான்கு ஆண்டு முன்பே ஹீலியம் நிரப்பிய அமெரிக்கக் கடற்படையின் ஏக்ரான் வான்கப்பல் புயலில் கடலில் விழுந்தது. 76 பேரில் 73 பேர் போனார்கள். எரியாத வாயுவால் அவர்களைக் காப்பாற்ற முடியவில்லை. ஏர்லாண்டரின் முதல் கப்பலும் 2017 நவம்பரில் கட்டுக் கம்பத்திலிருந்து அறுத்துக்கொண்டு, வாயு வெளியேறிச் சரிந்துபோனது. வான்கப்பல்காரர்கள் பயப்பட வேண்டியது வானிலைக்கு.

## ஒரே பார்வையில்

| | பனிச்சாலை | நிரந்தரச் சாலை | விமானம் | வான்கப்பல் |
|---|---|---|---|---|
| டன்னுக்குச் செலவு | மிகக் குறைவு | ஓட்டச் செலவு குறைவு | மிக அதிகம் | சாலைக்கும் விமானத்துக்கும் நடுவே என்பது வாக்குறுதி |
| நம்பக்கூடிய காலம் | சில வாரம், குறைந்துவருகிறது | ஏறக்குறைய வருடம் முழுக்க | வருடம் முழுக்க, மோசமான வானிலை நீங்கலாக | காற்றும் பனியும் விட்ட நாட்கள் |
| ஒற்றைச் சுமை | பெரிது | பெரிது | 20 டன், கதவு அளவுக்குள் | 60 டன்வரை, அளவுத் தடை குறைவு |
| திட்டம் படுத்தால் மிஞ்சுவது | ஒன்றுமில்லை, இழப்பும் சிறிது | சாலை | விமானத்தை விற்கலாம் | கொட்டகை |
| திரும்பும் பயணம் | காலியாக வரலாம் | காலியாக வரலாம் | காலியாக வரலாம் | ஈடான எடை வேண்டும் |
| ஒளிந்த செலவு | வருடச் சரக்கின் இருப்பு | உறைபனி கரைந்து உட்காருதல் | ரன்வே | ஹீலியம், தண்ணீர், காப்பீடு |

## ஆட்கள் பயணம்

இதற்கு நீளமாக எழுத ஒன்றுமில்லை. ஜெர்மனியின் கிராஃப் செப்பலின் வான்கப்பல் 1928 முதல் 1937 வரை 590 முறை பறந்து, உலகையும் ஒரு சுற்றுச் சுற்றியது உண்மை. அன்று அதற்குப் போட்டி கடலில் போகும் கப்பல். இன்று போட்டி ஜெட். பார்சிலோனாவிலிருந்து மயோர்கா தீவின் பால்மாவுக்கு ஏர்லாண்டரில் நாலரை மணி நேரம் என்று அதைச் செய்பவர்களே சொல்கிறார்கள். கப்பலில் போகிறவருக்கு அது வேகம், விமானத்தில் போகிறவருக்கு அது ஆமை. ஸ்பெயினின் விமான நிறுவனம் ஏர் நாஸ்ட்ரம் 2022-ல் பத்து ஏர்லாண்டருக்கு முன்பதிவு செய்திருக்கிறது. தீவுகளுக்கிடையே அது நடக்கலாம். கட்டணம் கொடுத்து இன்றே ஏற முடிவது என்றால் ஜெர்மனியின் ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபனில் 2001 முதல் நடக்கும் செப்பலின் என்டி போன்ற உல்லாசச் சவாரிதான். பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து ஏரியைச் சுற்றிப் பார்க்கலாம். அவசரம் உள்ளவர்களுக்கான வண்டி இது இல்லை.

## யாருக்கு எது

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். 2007-ன் 330,000 டன்னை 60 டன் வான்கப்பலில் கொண்டுபோக 5,500 நடை. ஒரு கப்பல் நாளுக்கு ஒரு நடை, வருடத்தில் 250 நாள் பறந்தால் 22 கப்பல் வேண்டும்; நாளுக்கு இரண்டு நடை என்றாலும் 11. உலகத்தில் இன்று சான்றிதழோடு ஓடும் அந்த அளவுச் சரக்கு வான்கப்பல் ஒன்றுகூட இல்லை. ஆகவே பெரிய சுரங்கத்தின் மொத்தச் சரக்குக்குப் பனிச்சாலைதான், அது உறையும்வரை. குளிர் கைவிடும் வருடத்துக்கு விமானச் செலவை இப்போதே பட்ஜெட்டில் ஒதுக்கி வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

மக்கள் நிலையாக வாழும் ஊர், அருகிலுள்ள சாலையிலிருந்து நூறு, நூற்றைம்பது கிலோமீட்டருக்குள் என்றால் நிரந்தரச் சாலைக்கே என் ஓட்டு. "வான்கப்பல் வரட்டும், பார்க்கலாம்" என்று அதைத் தள்ளிப்போடுவது அந்த ஊருக்குச் செய்யும் துரோகம். இருபது வருடமாக "இன்னும் ஐந்து வருடத்தில்" என்ற பேச்சைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அதைவிடத் தொலைவில் இருக்கும் சிறிய ஊருக்கு விமானமும், எட்டும்வரை பனிச்சாலையும். ரன்வேயை நீட்டப் பணம் கேட்பதுதான் அங்கே பலன் தரும் கோரிக்கை.

வான்கப்பல் பொருந்துவது குறுகலான ஓர் இடத்தில்: உள்நாட்டில், முந்நூறு கிலோமீட்டருக்குள், பத்து இருபது வருட ஆயுளுள்ள, திரும்பத் தாது ஏற்றித்தரும் நடுத்தரச் சுரங்கம். சுரங்கம் மூடினால் கப்பல் வேறிடம் போகலாம், சாலையால் அது முடியாது. வேறு வழியே இல்லாத ஒற்றைக் கனச் சுமைக்கும் பொருந்தும்.

ஊராட்சியோ சுரங்கக் கம்பெனியோ, இப்படி ஓர் ஒப்பந்தம் மேசைக்கு வந்தால் கேட்க வேண்டியவை இவை. ஜனவரியில் எங்கள் ஊரில் இறக்கும் சரக்குக்கு ஈடான எடை எது, அதை ஏற்றும் பம்புக்கு யார் காசு? பனிப்புயல் மூன்று நாள் அடித்தால் கப்பல் எங்கே நிற்கும்? சான்றிதழ் வரும்முன் முன்பணம் கேட்கிறீர்களா? கப்பல் வராத வருடம் டீசலை விமானத்தில் கொண்டுவரும் கூடுதல் செலவை ஒப்பந்தத்தில் நீங்கள் ஏற்பீர்களா? கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வராவிட்டால், அந்த வருட டீசலுக்கு வழக்கம்போலப் பனிச்சாலை லாரியிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள்.